ஏழு நீலப் பெட்டிகள்

டாலிகஞ்ச் மெட்ரோவில் இறங்கி உன் வீட்டுச் சந்துக்குள் திரும்பியதுமே அந்த நெடி முகத்தில் மோதியது. கனிந்து கறுத்த வாழைப்பழத்தையும் நகப்பூச்சையும் சேர்த்துப் பிசைந்தது போன்ற, கொஞ்சம் இனிப்பான நெடி. யாரோ ஒருவர் காரின் முன்கதவைக் கழற்றி, இரண்டு செங்கல் மேல் நிறுத்தி, தெருவிலேயே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தேன். இப்போது பொத்திக்கொள்ளத் தெரிகிறது எனக்கு.

மாலதி கூப்பிட்டிருந்தாள். நீ போய் ஒரு வருஷமும் சில நாட்களும் ஆகின்றன. இத்தனை நாளில் உன் மனைவியிடமிருந்து எனக்கு வந்த முதல் போன் அது. "அண்ணா, அந்த ரயிலையெல்லாம் என்ன பண்றதுன்னு பேசணும். ஞாயித்துக்கிழமை வாங்க." அவ்வளவுதான். எப்படி இருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்கத்தாவில் பொம்மை ரயில் சேர்க்கிறவர்கள் எல்லோரும் இங்கிலாந்து வண்டிகளைத் தேடிப் போனார்கள். உனக்கு அது பிடிக்காது. உனக்கு வேண்டியது இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி அந்தப் பக்கம், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ். எல்லாம் ஒரு காலண்டரால் வந்தது. பள்ளியில் படிக்கும்போது உன் அப்பா ஆபீசிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் சாயக் கம்பெனிக் காலண்டர். மாதத்துக்கு ஒரு ரயில். அக்டோபர் மாதத் தாளில் கருநீலத் தூங்கும் பெட்டிகள், பக்கவாட்டில் தங்கக் கோடுகள், ஜன்னலில் சின்ன மேஜை விளக்கு. அந்தத் தாளை மட்டும் கிழித்து என்னிடம் காட்டி, "இதுல ஒரு நாள் படுத்துத் தூங்கணும்டா" என்றாய். பேங்க் வேலை, அம்மாவின் படுக்கை, அப்புறம் மாலதியின் அறுவை சிகிச்சை என்று வருஷங்கள் போய்விட்டன. நீ ஐரோப்பாவுக்குப் போகவே இல்லை. ரயில்கள்தான் உன்னிடம் வந்தன.

முதல் பெட்டி ரஸ்ஸல் தெரு ஏலத்தில் கிடைத்தது. உடைந்த சரவிளக்குக்கும் ஒரு மூட்டை வெள்ளிக் கரண்டிக்கும் நடுவில், செருப்புப் பெட்டி ஒன்றில் கிடந்தது. அசலின் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. சக்கரம் ஒன்று இல்லை, எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. நீ அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாய். ஐம்பது வயது பேங்க் மானேஜர். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நமக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே உன் பின்னறைதான். பத்தடிக்கு ஆறடிப் பலகை, அதன் மேல் தண்டவாளம், ஒரு ஆல்ப்ஸ் மலை. வாங்கியதை அப்படியே ஓட்டுவது உனக்குப் போதாது. மோட்டாரைப் பிரித்து மெதுவாக நகர வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கைப்பிடிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு லால்பஜார் கடையில் வாங்கிய கிடார் கம்பியை வளைத்து வைக்க வேண்டும். பெட்டிக்குள் அரிசி அளவு பயணிகளுக்குக் கோட்டு நிறம் தீட்ட வேண்டும். ஒரு தடவை தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சுவிட்சர்லாந்துல அழுக்கு என்ன கலர்ல இருக்கும்?" என்று கேட்டாய். சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் பார்த்த அழுக்கைத்தான் கடைசியில் பூசினோம். பிரமாதமாகத்தான் இருந்தது.

நான் கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தில் மின்சாரப் பிரிவு. கம்பி, மோட்டார், ரசாயனம் என்று எது வந்தாலும் என்னைத்தான் கேட்பாய். நான் சொன்னதை மறுபடி ஒரு தரம் யோசித்துக்கூடப் பார்க்க மாட்டாய். "நீ சொன்னா சரிடா" என்பாய். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

ஏழு நீலப் பெட்டிகளும் சேர எட்டு வருஷம் ஆயிற்று. பிராங்பர்ட்டில் இருக்கும் உன் அக்கா மகள் அவற்றுக்கான தங்க எழுத்துகளை ஒட்டுத்தாளாக வாங்கி அனுப்பினாள். எழுத்தை ஒட்டியபின் மேலே ஒரு வார்னிஷ் பூச்சு கொடுக்காவிட்டால் உரிந்து வந்துவிடும். அது ஆடி மழைக்காலம். முதலில் ஒரு பச்சை நிற ஆஸ்திரிய எஞ்சினில் கடையில் கிடைக்கிற ஸ்பிரேயை அடித்துப் பார்த்தோம். காற்றில் இருந்த ஈரத்தால் பத்து நிமிஷத்தில் பாலாடை படிந்தது போல வெளுத்துவிட்டது. நீ இரண்டு வாரம் அந்த அறைக்குள் போகவில்லை என்று மாலதி சொன்னாள்.

யோசனை சொன்னது நான். ஈரமும் தூசியும் உள்ளே வராமல் ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு அடைப்போம், ஏசியை ஓட விடுவோம், கார்களுக்கு அடிக்கிற இரட்டைப் பூச்சை வாங்குவோம் என்றேன். ஜன்னலுக்கு டேப் ஒட்டியது நாம் இருவரும்தான். பூச்சை வாங்கி வந்தது நான் மட்டும்.

பெஹாலா பக்கம் நான் தினமும் கடக்கிற ஒரு கார் பெயிண்ட் ஷெட் இருந்தது. அங்கே ஷம்புதா என்று ஒரு பெரியவர். பெரிய டப்பாவில் வார்னிஷ், சின்ன டப்பாவில் அதை இறுக வைக்கும் திரவம். இரண்டையும் எப்படிக் கலந்து ஸ்பிரே துப்பாக்கியில் ஊற்ற வேண்டும் என்று காட்டினார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வங்காளத்தில், "ஜான்லா கோலா ராக்பேன், தாதா. கோலா மானே பூரோ கோலா" என்றார். ஜன்னலைத் திறந்து வையுங்கள் அண்ணா, திறந்து என்றால் முழுசாகத் திறந்து. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் காட்டினார். அவருடைய தம்பியாம். முப்பது வருஷம் இந்த வேலை செய்தவர். இப்போது ஷெட்டுக்குள் கால் வைக்க முடியாது, வாசனை பட்டாலே மூச்சு அடைத்துவிடும். அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "கொஞ்சம் நெடி இருக்கும், மாஸ்க் போட்டுக்கோ." அவ்வளவுதான் சொன்னேன். ஜன்னலைப் பற்றிச் சொன்னால் டேப்பையெல்லாம் பிய்க்க வேண்டும், ஈரம் வந்துவிடும், நீ மறுபடி சோர்ந்துபோவாய் என்று நினைத்தேன். நான் சொன்ன யோசனை தப்பு என்று ஆகிவிடும் என்றும் நினைத்தேன். அந்தத் தம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை.

பூச்சு கண்ணாடி போல வந்தது. முதல் நீலப் பெட்டியை விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டேய், இதுல என் முகம் தெரியறது" என்றாய். பழைய எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் அடித்தாய். அவற்றையெல்லாம் முடித்து, மறுவருஷம்தான் நீலப் பெட்டிகளுக்குத் திரும்பினாய்.

குளிர்காலத்தில் இருமல் ஆரம்பித்தது. கல்கத்தாவில் டிசம்பரில் இருமாதவர் யார்? ஆனால் மாலதி கணக்காகக் கவனித்தாள். ஒரு நாள் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அண்ணா, இவருக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் வர்றது. வியாழன் வெள்ளியெல்லாம் நன்னாத்தான் இருக்கார். ஏன்?" என்று கேட்டாள். ஊர்ப்புகைதான் காரணம் என்று சொன்னேன். படியிறங்கும்போது டீக்கடை பெஞ்சில் இருந்த அந்த மனிதரின் தலையாட்டல் கண் முன்னால் வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

டாக்டர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். வீட்டில் நாய் உண்டா, கம்பளம் உண்டா என்று கேட்டாராம். நீ பெயிண்டைப் பற்றிச் சொல்லவில்லை. "மாலதிகிட்ட வாயைத் திறக்காதே. ரூமைப் பூட்டிடுவா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாய். சிரிப்பு முடியும்போது நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இருவரும் அதைக் கேட்டோம். நீ எஞ்சினை ஓட விட்டாய்.

மகாளயத்துக்கு அடுத்து வந்த ஞாயிறு. மத்தியானம். தெருமுனை துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளக்காரர்கள் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆறு பெட்டி முடிந்திருந்தது. "இது ஒண்ணுதான்டா. இதோட நிறுத்திடறேன்" என்றாய். நான் ஏழாவது பெட்டியை ஒரு குச்சியில் செருகிப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன், நீ அடித்தாய். ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தில் பாதி போகும்போது ஸ்பிரே துப்பாக்கியைக் கீழே வைத்தாய். இன்ஹேலரை இழுத்தாய், மறுபடி இழுத்தாய். உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. உன்னால் பேச முடியவில்லை. கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினாய்.

அந்த டேப்பை நான் நகத்தால் பிய்த்தேன். நன்றாக ஒட்டியிருந்தது, நாமே ஒட்டியது. மாலதி ஓடி வந்து கதவில் நின்றாள். ஜன்னல் திறந்ததும் மேளச் சத்தம் அறை முழுக்கக் கொட்டியது. நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தபடியே இருந்தாய்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாய். டாக்டர், "என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டார். "பொம்மை ரயிலுக்குப் பெயிண்ட்" என்றாள் மாலதி. என்ன பெயிண்ட், எத்தனை நாளாக, எந்த மாதிரி அறையில் என்று நான்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஷம்புதாவை மட்டும் அப்போதும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் காலையில் நீ போய்விட்டாய்.

இன்றைக்கு அவள் கதவைத் திறந்து, நேரே பின்னறைக்கு அழைத்துப் போனாள். ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது. ஒரு வருஷம் இப்படியே இருந்திருக்க வேண்டும். ஆல்ப்ஸ் மேல், தண்டவாளம் மேல், ஆறு பெட்டிகள் மேல் தூசி படிந்திருந்தது. ஏழாவது பெட்டி தனியாக ஒரு பேப்பர் மேல் கிடந்தது. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் பாதியில் நின்றுபோன பூச்சு.

யாருக்குக் கொடுக்கலாம், எப்படிக் கட்டி வைக்கலாம் என்று நான் ஏதோ ஆரம்பித்தேன். அவள் குறுக்கிட்டாள்.

"அதுக்காக மட்டும் கூப்பிடலை அண்ணா. அந்த பெயிண்ட் டப்பால அபாயப் படம் போட்டிருக்கு. மூச்சு நிக்கும்னு எழுதியிருக்கு. அவருக்குக் கண்ணாடி இல்லாம பொடி எழுத்து தெரியாது. நீங்க வாங்கறச்சே யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஷெட் இப்போது அங்கே இல்லை, அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. சொன்னேன். ஷம்புதா சொன்ன வார்த்தைகளை அவர் சொன்ன மாதிரியே வங்காளத்தில் சொன்னேன். பெஞ்சில் இருந்த தம்பியைப் பற்றியும் சொன்னேன்.

அவள் அந்தப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இவர் பிடிவாதக்காரர்" என்றாள் மெதுவாக. "நீங்க சொல்லியிருந்தாலும் ஜன்னலைத் திறந்திருக்க மாட்டார். இல்லையா?"

என்னிடம் அவள் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தையைத்தான். 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் இன்றிரவு அவளும் தூங்கியிருப்பாள், நானும் தூங்கியிருப்பேன். ஆனால் ரயில் விஷயத்தில் உன்னை அவளைவிட எனக்குத்தான் தெரியும்.

"திறந்திருப்பான்மா" என்றேன். "நான் சொல்லியிருந்தா அந்த நிமிஷமே திறந்திருப்பான்."

அவள் தலையசைத்தாள். அப்புறம் சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் திரும்பி வருவாளா, இல்லை நானே எழுந்து போய்விட வேண்டுமா என்று தெரியாமல் காத்திருந்தேன். அவள் வரவில்லை. வாசல் கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன். சொன்ன அந்தப் பதிலோடுதான் இனி நான் இருக்க வேண்டும்; அதை உன்னிடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.