சாப்பிட்டுக்கொண்டே செத்த கிருமிகள்

இன்று காலை லேபில் அகார் கொதித்துக்கொண்டிருந்தது. கிருமிகளைத் தட்டில் வளர்க்க நாம் ஊற்றி வைக்கும் சாப்பாடு. எலும்பு சூப்பை அடிப்பிடிக்க விட்டதுபோல் அதற்கு ஒரு வாசனை. நீ மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "நம்ம ஊரு ஆட்டுக்கால் சூப்பக் கெடுத்து வச்சிருக்கானுவ" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். லேபின் தலைவர் சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும்.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க, சார்' என்றுதான் கூப்பிட்டேன். அந்த மரியாதை நீ உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு. நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அதனால் இனி நீ வெறும் நீதான்.

நீ திருநெல்வேலிக்காரன், நான் திருச்சிக்காரி. ஜனக்புரியில் அடுத்தடுத்த தெருவில் வீடு. காலையில் ஒரே மெட்ரோவில் ஏறுவோம். செல்லுக்குள் குடியிருக்கும் கிருமிகளைப் பற்றி முதன்முதலில் நீ விளக்கியது அங்கே, கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டேதான். "வெளிய இருக்குத கிருமி தனக்கு வேண்டியத தானே சமைச்சுக்கிடும். உள்ள போயி உக்காந்துட்டான்னா சமையலயே மறந்துருவான். இரும்புச் சத்தா, வீட்டுக்காரன் கொண்டாருவான். கொழுப்பா, வீட்டுக்காரன் சொட்டுச் சொட்டா சேத்து வச்சிருப்பான். எடுத்துத் தின்னுட்டுக் கெடப்பான், அம்புட்டுதான்." பக்கத்தில் நின்ற சர்தார்ஜி ஒருவர், மொழி புரியாமலே உன் கையாட்டலைப் பார்த்துத் தலையாட்டினார். பேச்சில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பேச்சோடு நிறுத்தியிருந்தால் இந்த மடலுக்கு அவசியமே வந்திருக்காது.

நீ சோதனையும் செய்தாய். கிருமியைத் தின்ன வருகிற வெள்ளணுவுக்குள்ளேயே அந்தக் கிருமி குடித்தனம் நடத்துகிறது. வெள்ளணு கொழுப்பு சேர்க்க விடாமல் தடுத்தால் உள்ளே இருப்பது பட்டினியில் சாகுமா என்பது உன் கேள்வி. நல்ல கேள்விதான். உள்ளே போகாமல் வெளியே மிதக்கும் கிருமிகளைக் கொல்ல ஒரு மருந்தை ஊற்றுவோம். அது செல்லின் சுவரைத் தாண்டாது, உள்ளே இருப்பவை பத்திரம் என்பது எல்லோருக்கும் பாடம். பிறகு செல்லை உடைத்துத் தட்டில் பரப்பினால், உயிரோடு இருந்த ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாக முளைக்கும். நன்றாகச் சாப்பிட்ட செல்களின் தட்டில் முளைத்தன, கொழுப்பைத் தடுத்தவற்றின் தட்டில் எதுவுமே முளைக்கவில்லை. பட்டினிச் சாவு என்று அறிவித்தாய். கட்டுரை வந்தது, மாலை வந்தது, சாணக்யபுரித் தூதரக விருந்துகளுக்கு அழைப்பு வந்தது.

கொழுப்பு கிடைக்காத செல்கள் சோர்ந்துபோய் உடைந்து கிருமிகளை வெளியே கொட்டியதால், அவற்றுக்கு மட்டும் மருந்தைக் கூட்டி நாள் முழுக்க விட்டு வைத்திருந்தாய். நன்றாகச் சாப்பிட்ட செல்களுக்கு அப்படிச் செய்யவில்லை. வெள்ளணு சும்மா இருக்கிற ஜென்மமா? சுற்றி இருக்கும் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க விட்டால் மருந்தையும் சேர்த்துக் குடிக்கும். நன்றாகச் சாப்பிட்ட செல்களுக்கும் அதே மருந்தை அதே நேரம் கொடுத்துப் பார்த்தேன். அந்தக் கிருமிகளும் செத்தன. கொழுப்பை வயிறு முட்டத் தின்றுகொண்டே செத்தன. கொன்றது பட்டினியல்ல, உன் மருந்து.

ஒன்றும் முளைக்காத அந்தத் தட்டை உன் மேஜையில் வைத்தேன். நீ அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஒனக்குக் கை சரியில்லம்மா" என்றாய், கதவு திறந்திருக்கும்போதே, லேபே கேட்கும்படி.

அடுப்படியில் கைமணம் என்பதுபோல லேபில் கை. ஒருத்தருக்குக் கை சரியில்லை என்றால் அவர் தொட்டது கெடும், அவர் கணக்கு எடுபடாது. அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. நான் எழுந்ததும் என் மேஜையை ஸ்பிரிட்டால் துடைக்க ஆரம்பித்தார்கள். வளர்த்த செல்களை எனக்குப் பங்கு தர யோசித்தார்கள். "மேடம், ஆப் ரஹ்னே தீஜியே", நீங்கள் விடுங்கள் என்று பணிவாக, மிகப் பணிவாக, சொட்டு அளந்து விடும் பைபெட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். எத்தனையோ வருஷம் அந்தப் பணிவை விழுங்கினேன். கோழைகள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பெரிய கோழை நீ.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஜுரம் இறங்கவில்லை. இளம் டாக்டர் ஒருவர் வந்து, "சார், யே தவா செல் கே அந்தர் நஹீ ஜாதீ" என்றார். இந்த ஊசி செல்லுக்குள் போகாது, வேறு மருந்தும் சேர்க்க வேண்டும் என்று விளக்கினார். நம் சோதனையில் ஊற்றிய அதே இனத்து மருந்து. டாக்டர் போனதும் நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "போவும்மா. நாள் முழுக்க விட்டு வச்சா உள்ள போயிரும். நமக்குத் தெரியாதா?"

"அப்போ என் கை?" என்று கேட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டாய். தூக்கம் என்று நான் நம்ப வேண்டுமாம். நிஜமாகத் தூங்கினால் உன் வாய் பிளந்திருக்கும், மெட்ரோவில் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு இரங்கல் கூட்டம். 'கிருமியைப் பட்டினி போட்டு வென்றவர்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நீ சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். அறை முழுக்கச் சிரிப்பு. கடைசிப் படுக்கையிலும் என்ன நகைச்சுவை உணர்வு என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேரும் கிருமியைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். அது உன் வாக்குமூலம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. நீ வளர்த்தவர்கள், வேறெப்படி இருப்பார்கள்?

பிறகு உன் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் உனக்காக வாங்கும் பொடி, மிச்சம் இருந்ததாம். "உங்க கையப் பத்தி வீட்ல எப்பவும் அவரு சொல்லுவாரு. அவ தொட்டா தப்பே வராதுன்னு" என்றார். பாவம், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். "அப்படியா" என்றேன். காபியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். நீ தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். வீட்டுக்குள் ஒரு நாக்கு, லேபுக்கு வேறொரு நாக்கு வைத்திருந்தாய் என்பதை விடுவதாக இல்லை.

இன்று அகார் எதற்குக் கொதித்தது தெரியுமா? உன் கட்டுரையைப் பார்த்து அதே சோதனையை, மருந்தைக் கொஞ்ச நேரமே விட்டுச் சரியான முறையில் செய்த ஒரு மதுரைப் பெண், கிருமி சாகவே இல்லை என்று வந்து அழுதாள். "எனக்குக் கை சரியில்ல போல மேடம்." இன்னொருத்தி வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணைத் துடை, வா என்றேன். யாரிடமும் கேட்காமல் பைபெட்டை எடுத்தேன். நன்றாகச் சாப்பிட்ட செல்கள், உன் மருந்து, உன் அளவு, நாள் முழுக்க. இனி எங்கள் லேபில் இந்தத் தட்டு இல்லாமல் எந்தச் சோதனையும் நடக்காது.

ஒவ்வொரு தட்டிலும் மார்க்கரால் ஓர் அடையாளம் எழுத வேண்டுமல்லவா? இதில் உன் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். மறைந்த தலைவருக்கு மரியாதை என்று அந்தப் பெண் நெகிழ்ந்துபோனாள். நாளை திறந்து பார்க்கும்போது அவளுக்கே புரியும். அந்தத் தட்டில் ஒன்றும் முளைத்திருக்காது.