கணக்கெடுக்கப் போய்ச் சாப்பிட்ட கேசரி

22 ஜனவரி 1958, புதன்

காலையில் நல்ல பனி. கடற்கரைக்கு உலாவப் போனவன் மூக்கு ஒழுகத் திரும்பினேன். சவரத்தில் கன்னத்தில் வெட்டு. வகுப்பில் எல்லாரும் பாடத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள்.

பாடம்: குடும்பம். நான் பிரெஞ்சில் தத்துவம் படித்தவன். பிரெஞ்சுக்காரர் போய் ஆட்சி மாறியதும் பாடத்திட்டமும் மாறியது. “தத்துவத்துக்குப் பக்கத்து வீடுதானே, நீரே பார்த்துக்கொள்ளும்” என்று கல்லூரி முதல்வர் சமூகவியலை என் தலையில் கட்டிவிட்டார். ஆங்கிலப் புத்தகத்தை வாசித்து, தமிழில் விளக்கி, பிரெஞ்சில் தும்முகிறேன். தும்மல் மட்டும் பிள்ளைகளுக்குப் புரிகிறது.

சென்னையிலிருந்து வந்திருக்கும் புது விரிவுரையாளர் சுந்தரம். கஞ்சி போட்ட சட்டை, சிரிக்காத முகம். எங்கள் கல்லூரியில் முறையாகச் சமூகவியல் படித்த ஒரே ஆள். இன்று பிடித்துக்கொண்டார்.

“சார், இத புஸ்தகத்த வெச்சு சொல்லிக் குடுக்கறதே தப்பு. வீட்டுக்குள்ள போயி பாக்கணும்.”

“யார் வீட்டுக்குள்ள?”

“யார் வீடா இருந்தாலும்.”

முதலில் நாங்கள் ஒரு வீட்டில் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது, பிறகு மாணவர்களை அழைத்துப் போவது என்று ஏற்பாடு. வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கக் கூடாதாம். நெல்லித்தோப்பில் ஒரு தெருவைச் சீட்டுப் போட்டுக் குலுக்கியதில் முனுசாமி என்ற மில் மேஸ்திரியின் வீடு வந்தது. பாவம், அவருக்குத் தெரியாது.

என் மனைவி தனத்திடம் சொன்னேன். “ரெண்டு ஆம்பளைங்க போயி நின்னா பொம்பளைங்க வாயத் தொறப்பாங்களா? நானும் வரேன்” என்றாள். பிறகு, “முன்னப்பின்ன தெரியாத வீட்டுக்கு வெறுங்கைய வீசிக்கினு போவாதீங்க” என்றாள். வாங்க வேண்டியவை: வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் கதம்பம். எனக்கு நீலகிரித் தைலம்.

24 ஜனவரி, வெள்ளி

பனி குறைவு. மூக்கு பரவாயில்லை. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். கை ஓடவில்லை.

சாயங்காலம் ரிக்‌ஷாவில் போய் இறங்கினோம். நான், தனம், சுந்தரம். வாசலில் கோலம், உள்ளே புதுப் பாய். எதிர் வீட்டு அஞ்சலை என்ற அம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். “காலேஜ்லேருந்து வரோம்” என்றேன். முனுசாமி பிரெஞ்சு மரியாதையோடு கும்பிட்டார். “தெரியுமுங்க முசியே, தரகர் சொன்னாரு, படிப்பு சம்பந்தப்பட்ட எடம்னு. உள்ள வாங்க.” தரகர் என்றது காதில் விழுந்தது. முதல்வர் யாரையோ சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

கேசரி, காராசேவு. இந்த ஜனங்களின் விருந்தோம்பலே விருந்தோம்பல் என்று மூன்றாம் கரண்டிக் கேசரியில் உருகினேன்.

சுந்தரம் தாளை எடுத்தார். எல்லாவற்றையும் குடும்பத் தலைவரிடம்தான் கேட்க வேண்டுமாம், அதுதான் முறை. வீடு சொந்தமா? நிலம் உண்டா? சம்பளம்? நகை? கல்யாணமாகாத பெண் உண்டா, வயது என்ன, எதுவரை படிப்பு? முனுசாமி ஒவ்வொன்றுக்கும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார். அப்புறம் அவர் கேட்டார்: “தம்பிக்கு சம்பளம் எவ்ளோ வரும்?” சுந்தரம் சொல்லிவிட்டு என் காதில், “பாத்தீங்களா சார், நம்மள நம்ப ஆரம்பிச்சிட்டாங்க.”

நடுவில் மூத்த மகளின் குழந்தை வீறிட்டது. சுந்தரம் எழுதுவதை விட்டு, அதை வாங்கித் தோளில் போட்டுத் தட்டி, விரலால் பல் ஈற்றைத் தடவிவிட்டார். அழுகை நின்றது. “தங்கமான கொணம்” என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

இளைய மகள் கஸ்தூரி பட்டுப்புடவையில் காப்பி கொண்டுவந்தாள். தட்டை வைத்துவிட்டுத் தனத்தின் காலில் விழுந்தாள். தனம், “நல்லாயிரும்மா” என்று எழுப்பி, மடியிலிருந்த கதம்பத்தை எடுத்து அவள் தலையில் வைத்தாள்.

உள்ளே குலவைச் சத்தம். நான் காராசேவில் இருந்தேன்.

ரிக்‌ஷா திரும்பும்போதுதான் தனம் என் முழங்கையைப் பிடித்தாள்.

“இன்னாங்க... நான் பூ வெச்சுட்டேங்க.”

“வெச்சா இன்னா?”

“மாப்ள வூட்டு பொம்பள வெக்கிற பூவுங்க அது. நம்மள பொண்ணு பாக்க வந்தவங்கன்னு நெனச்சிட்டாங்க.”

25 ஜனவரி, சனி

தூக்கம் இல்லை. மூக்கு மறுபடி.

தனத்துக்குக் காலையில் ஒரு யோசனை: பெண் லட்சணமாக இருக்கிறாள், சுந்தரத்துக்கே முடித்துவிட்டால் என்ன? கல்லூரி வராந்தாவில் அவரிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

“சார், எனக்கு ஒரு பையன் இருக்கான். கும்பகோணத்துல, அவங்கம்மாகிட்ட. இப்பத்தான் பல்லு மொளைக்குது.”

இத்தனை மாதம் பக்கத்து நாற்காலி. ஊர் வம்பெல்லாம் என் நாக்கில். இது தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பகலிலேயே நெல்லித்தோப்புக்குப் போனேன். வீடு பூட்டு. அஞ்சலை: “வில்லியனூர் கோயிலுக்குப் போயிருக்காங்க சம்மந்தி. பூ வெச்சாச்சில்ல, அர்ச்சனைக்கு.” சம்மந்தியாம். ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். அவளிடம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று. தண்டோராவாவது சொன்னதைச் சொன்னபடி சொல்லும்.

26 ஜனவரி, ஞாயிறு

குடியரசு தினம். கொடியேற்றம், மிட்டாய். வெயில்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், வாசலில் முனுசாமி. சட்டையெல்லாம் வேர்வை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“காலையில கடலூர்லேருந்து வந்தாங்க முசியே. தரகர் சொன்ன எடம் அதான். தெரு முனையில அஞ்சலைகிட்ட வூடு கேட்டிருக்காங்க. வெள்ளிக்கெழமையே பூ வெச்சுட்டாங்களேன்னு சொல்லிட்டா. அப்படியே திரும்பிட்டாங்க. பஸ்சு வரைக்கும் ஓடனேன். மூஞ்சி குடுத்துப் பேசல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அப்ப நீங்க யாரு?”

சமூகவியல் என்றேன்.

“அது எந்த ஊரு?”

ஊர் இல்லை, படிப்பு என்றேன். குடும்பம், கல்யாணம் இதையெல்லாம் பற்றிப் படிப்பது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

“காலேஜுல கல்யாணத்தப் பத்தி சொல்லித் தராங்களா?”

“ஆமா.”

“அப்ப பூ வெச்சா இன்னான்னு தெரிஞ்சிருக்குமே, முசியே.”

தனம் அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவில்லை.

28 ஜனவரி, செவ்வாய்

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் தனமும் கடலூருக்கு. பஸ்ஸில் என் மேல் யாரோ வைத்த மீன் கூடை. ஒரு வகையில் பொருத்தம்.

மாப்பிள்ளைப் பையன் பள்ளிக்கூட குமாஸ்தா, வீட்டில் இல்லை. அவன் அம்மா பேசினாள். நாங்கள் கல்லூரிக் கணக்கெடுப்புக்குத்தான் போனோம் என்றேன்.

“கணக்கெடுக்க வரவங்க பூவும் பழமும் எடுத்துக்கினா வருவாங்க?”

“அது நான் பண்ண தப்பும்மா. வெறுங்கையோட போவக் கூடாதேன்னு...” என்றாள் தனம்.

“கூட ஒரு புள்ள வந்ததாமே, கஞ்சி போட்ட சட்ட. அது யாரு?”

“அவரு வாத்தியாரு. கல்யாணம் ஆயி கொழந்தகூட இருக்கு” என்று நான் அவசரப்பட்டேன். நல்ல சாட்சி என்று நினைத்து.

அந்த அம்மாள் மார்பில் கை வைத்தாள். “அட பாவமே! ரெண்டாந்தாரமாவா கேக்கப் போனீங்க? அதுக்கும் ஒத்துக்கினு பூ வாங்கிக்கினாங்களா அந்த வூட்ல?”

அதற்குப் பிறகு நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் கஸ்தூரியின் மேல் இன்னொரு கூடை மண். தனம் என் வேட்டியைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். மோர் கொடுத்திருந்தார்கள். குடிக்கவில்லை.

31 ஜனவரி, வெள்ளி

மேகம். மழை இல்லை.

‘ரெண்டாந்தாரம்’ நெல்லித்தோப்புக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. முனுசாமி மில்லுக்குப் போகவில்லையாம். சொன்னது எங்கள் பால்காரர்.

வகுப்பு. புத்தகம் சொல்கிறது: மணத்துணையைத் தேர்ந்தெடுப்பது தனிமனிதரின் விருப்பம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “சார், அது எந்த ஊர்ல?” எல்லாரும் சிரித்தார்கள். வழக்கமாக நான்தான் முதலில் சிரிப்பேன். இன்று கரும்பலகையைத் துடைத்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சுந்தரம் வராந்தாவில்: “சார், இத ஒரு கட்டுரையா எழுதலாம்னு இருக்கேன். வந்தவங்களாலேயே சூழ்நிலை மாறிடுச்சு பாருங்க, அருமையான உதாரணம்.” எழுதினால் உம் மூக்கை உடைப்பேன் என்றேன். ஆள் மிரண்டுவிட்டார். அப்புறம் கண் கலங்கி, “வேற இன்னா சார் எனக்குத் தெரியும்?” என்றார். எனக்கும் அதே கதிதான். இருவரும் காப்பி குடித்தோம். ஆறிப்போன காப்பி.

முதல்வர்: மாணவர்களை எப்போது அழைத்துப் போகிறீர்?

1 பிப்ரவரி, சனி

கடல் காற்று. துணி காயப் போட்டதெல்லாம் கீழே.

பத்து மணி சுமாருக்குக் கஸ்தூரி வந்தாள். இடுப்பில் அக்காள் குழந்தை. ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வந்தாளாம், வழியில் நுழைந்தாளாம். சாதாரணப் புடவை. தனம் மணை போட்டாள், உட்கார்ந்தாள்.

கடலூரில் நாங்கள் பேசிப் பார்த்ததைச் சொன்னேன். “தெரியும்” என்றாள்.

“அந்தப் புள்ளைய உனக்குப் புடிச்சிருந்துதாம்மா?” என்று தனம் கேட்டாள்.

“போட்டோ காமிச்சாங்க. நல்லாத்தான் இருந்தாரு.”

குழந்தை சிணுங்கியது. அவள் விரலால் அதன் ஈற்றைத் தடவினாள், சுந்தரம் தடவின மாதிரியே.

“உங்ககூட வந்த சார் கொழந்தைய வாங்கனப்பவே எனக்குத் தெரியும். பல்லு மொளைக்கிற கொழந்தைக்கு எங்க வலிக்கும்னு கல்யாணமாவாத ஆம்பளைக்குத் தெரியுமா? கதவாண்ட நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். இவரு பொண்ணு பாக்க வந்தவரு இல்ல, வேற இன்னாவோன்னு நெனச்சேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“யாருகிட்ட சொல்றது? காப்பி எடுத்துக்கினு போன்னாங்க, போனேன். கால்ல வுழுன்னாங்க, வுழுந்தேன். நீங்களும் அவ்ளோ கேள்வி கேட்டீங்க. எல்லாத்தையும் எங்கப்பாவைத்தான கேட்டீங்க.”

குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கிளம்பினாள். ரிக்‌ஷாவுக்குச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், அதிலிருந்து இறங்கினால் அஞ்சலை யார் வீட்டிலிருந்து என்று கேட்பாள் என்றாள்.

மேஜையில் சுந்தரத்தின் கேள்வித்தாள். இரண்டு தடவை படித்தேன். ‘கல்யாணமாகாத பெண்’ என்பதற்கு எதிரே முனுசாமி சொன்னதெல்லாம் இருக்கிறது.

பூக்காரி வாசலில் நின்று கூப்பிடுகிறாள். தனம் கதவைத் திறக்கவில்லை.