இல்லாத தப்பைத் தேடியவளுக்கு

ரயிலில் ஜன்னலோர இடத்தை எப்போதும் எனக்கே விட்டுக்கொடுத்த என் ராஜியக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை உனக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. நீ ஆராய்ச்சி செய்த அதே இடத்தில், கம்ப்யூட்டர் அறைக்குப் பக்கத்து ஹாலில். எளாவூரிலிருந்து நானும் நைனாவும் காலை பாசஞ்சரில் போனோம். உன் படத்துக்கு மாலை போட்டது யார் தெரியுமா? உன் பேராசிரியர்தான். "எங்களுக்குக் கம்ப்யூட்டர் அட்டை குத்திக் கொடுத்த அமைதியான பெண்" என்றார். பிறகு அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, தன்னுடைய புதுப் புரோகிராம் வெற்றி பெற்றுவிட்டதாக அறிவித்தார். கைதட்டினார்கள் அக்கா. இரங்கல் கூட்டத்தில் கைதட்டிக் கேட்டிருக்கிறாயா நீ?

அவர் விளக்க விளக்க எனக்குத் தெரிந்துவிட்டது. அது உன்னுடையது. மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் ஓடுவதைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்க்கும் கணக்கு. கம்ப்யூட்டர் படிக்கும்படி, வரிக்கு ஓர் அட்டையாக நீ துளையிட்டு அடுக்கியது. ஒவ்வொரு துகளுக்கும் மற்ற எல்லாத் துகளோடும் கணக்குப் போட்டால் எந்த மெஷினும் தாங்காது என்று ரயிலில் சொன்னாயே.

"நாத்து நாத்தாவாடி தண்ணி ஊத்தறோம்? கழனி கழனியா மடை தெறந்துதானே உடறோம். அதே மாதிரி எடத்தக் கட்டம் கட்டமாப் பிரிச்சுகினு, கட்டத்துக்கு எவ்ளோ மின்னூட்டம்னு பாத்தா போதும்."

மீஞ்சூர் வருவதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் பார்க்க வந்தார். நீ வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சார், ஓடிச்சா?" என்றுதான் கேட்டாய்.

"இல்லம்மா. துகளெல்லாம் தானாவே சூடாயிடுது. எங்கேயோ தப்பு இருக்கு. சரிவரல."

நீ குத்திய அட்டைகள் இருந்த பெட்டி தன்னிடமே பத்திரமாக இருக்கட்டும் என்றார். நீ தலையாட்டினாய்.

அதற்குப் பிறகு நீ பேசியதெல்லாம் அந்தத் தப்பைப் பற்றித்தான். கண் மஞ்சளித்து, விரல் மடங்காமல், ஒவ்வொரு வரியாக நினைவிலிருந்து எடுத்து உரசிப் பார்த்தாய். அம்மா ஊட்டிய கஞ்சியைத் தள்ளிவிட்டாய். "எங்க வுட்டேன்னே தெரியலடி." நீ கடைசியாகச் சொன்னது அதுதான்.

கூட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டரை ஓட்டும் முனிரத்தினம் அண்ணன் என்னைப் படிக்கட்டோரம் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, ஒங்கக்காவுக்குத் தெரியாதா? அது ஆஸ்பத்திரில இருந்தப்பவே கணக்கு ஓடிச்சே. சுத்தமா ஓடிச்சு. ரிசல்ட்டு பேப்பர நாந்தான் சார் கையில குடுத்தேன். இத்த எடுத்துகினு ராஜியப் பாக்கப் போறேன்னாரு."

முதல் அட்டையில் உன் பெயரைக் குத்தியிருந்தாயாம். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் அட்டையாம் அது. எடுத்துப் போட்டாலும் கணக்கு ஓடும். அதை எடுக்கச் சொன்னாராம் பேராசிரியர்.

திரும்ப ஹாலுக்குள் போனேன். எல்லார் முன்னாலும் கேட்டேன். "சாவக் கெடந்தவகிட்ட ஏன் சார் பொய் சொன்னீங்க?"

அவருக்குக் கோபமே வரவில்லை. நைனாவின் தோளில் கைவைத்து, "பாவம், துக்கத்துல பேசுது. கூட்டிட்டுப் போங்க" என்றார். நைனா அவரைக் கும்பிட்டார் அக்கா. "மன்னிச்சுக்கோ சார், சின்னப் பொண்ணு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "பெரிய மனுசன எதுத்துகினு நாம எங்கம்மா போறது?" அடுத்த பாசஞ்சரிலேயே என்னை ஊருக்குக் கூட்டி வந்தார்.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டாள். "அவ கணக்குல இன்னா தப்புன்னு கண்டுபுடிச்சாங்களாடி?"

"தப்பே இல்லம்மா."

"அப்பறம் ஏன்டி எம்பொண்ணு அப்படித் தவிச்சா?"



உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவர் மேடையேறும் இடமெல்லாம் போவேன். அதே கேள்வியைக் கேட்பேன். துரத்துவார்கள். துரத்தட்டும். ஒருநாள் அவரும் படுக்கையில் விழுவார், எழுந்து போக முடியாமல். அன்றைக்கும் போவேன். பக்கத்தில் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்வேன். ஒரு பொய்கூடச் சொல்லமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சரசு