தேர்ச்சி

கண்ணு,

இது நானே எழுதுறது. ஆஸ்பத்திரியில துணி துவைச்சு முடிச்சதும் முதியோர் கல்வி வகுப்புக்குப் போறேன். ஆறு மாசமாச்சு. போன வாரம் டீச்சர் பலகையில 'தேர்ச்சி'ன்னு எழுதிப் படிக்க வெச்சாங்க.

நேத்து பீரோவை ஒழிச்சப்ப உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கிடைச்சது. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். கடைசி வரியில அதே வார்த்தை இருக்கு.

அன்னிக்கு இதைக் கையில வெச்சுக்கிட்டுதான் சொன்னே, "பெயிலாயிட்டேம்மா, தையல் கம்பெனிக்கே போறேன்"னு. அப்பா அப்ப படுத்த படுக்கை. நான் உன்னை அடிச்சேன். அடியை வாங்கிக்கிட்டு மறுநாளே வேலைக்குக் கிளம்பிட்டே.

இங்க மழை விட்டு விட்டுப் பெய்யுது.

டீச்சர்கிட்ட விசாரிச்சேன். "இருபத்தாறெல்லாம் ஒரு வயசா? மேல படிக்கலாம்"னாங்க. விண்ணப்பம் வாங்கி உன் பேரை எழுதிட்டேன். கையெழுத்து நீதான் போடணும். ஞாயித்துக்கிழமை வா.

அம்மா