ஏழுமலை தள்ளிய தட்டு

எனக்கும் ஊட்டி வளர்த்த அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் பிள்ளை ஏழுமலையை அடையாற்றங்கரையில் ஒரு தரும விடுதியில் சேர்த்தேன். நாற்பதை நெருங்கியும் பேச்சு வராதவன். அவனைத் தூக்கிக் குளிப்பாட்ட என் நடுங்கும் கைகளால் ஆகவில்லை. அங்கே நர்ஸ்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். பார்த்துக்கொள்ளும் லட்சணத்தைக் கேள்.

நொச்சிக்குப்பத்தில் நீ அவனுக்குப் பழக்கியது நினைவிருக்கிறதா? எதிரில் ஆள் இருந்தால் முதலில் தட்டை அவர் பக்கம் தள்ளுவான். அவர் விளிம்பைத் தொட்டு, "எனக்கு ஆச்சு, நீ துன்னு" என்றால்தான் கை வைப்பான். குப்பமே தொட்ட தட்டு அது.

போன வாரம் நான் போனபோது, புதிதாக வந்த நர்ஸ் பெண்களுக்குப் பெரிய நர்ஸம்மாள் வேலை பழக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து கஞ்சித் தட்டை வைத்தாள். ஏழுமலை அதை அவள் பக்கம் தள்ளினான்.

"பாத்தீங்களா? முரடு. தட்டைத் தள்ளுனா மொதல்ல கையைக் கட்டணும், அப்புறம்தான் ஊட்டணும். மனசுல வச்சுக்குங்க" என்றாள் பெரியவள்.

கட்டினார்கள், அக்கா. துணிப்பட்டையால், கட்டில் சட்டத்தோடு. மரியாதை செய்ததற்கு!

"ஏம்மா, அவன் ஒன்னத்தான் துன்னச் சொல்றான்!" என்று கத்தினேன்.

அந்தப் புதுப்பெண் சிரித்துவிட்டாள். "எனக்கா தாத்தா? இந்த உப்பில்லாத கஞ்சியவா?"

பெரியவள் சிரிக்கவில்லை. "இதுங்களுக்கு அதெல்லாம் தெரியாது பெரியவரே. நாங்க படிச்சுட்டு வந்திருக்கோம்."

"இதுங்களா? ஆடா, மாடா? ஏழுமலைன்னு ஒரு பேரு கீது அவனுக்கு! தட்டைத் தொட்டு, 'எனக்கு ஆச்சு, நீ துன்னு'ன்னு சொல்லிப் பாரு!"

காவலாள் என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான். பாடத்தைக் கெடுக்கிறேனாம். இனி வாசற்படி மிதிக்கக் கூடாதாம்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. அச்சாபீஸில் எழுத்துக் கோத்தே படித்தவன். ஆனாலும் கேட்கிறேன். கையைக் கட்டச் சொல்லிக்கொடுப்பவர்கள், அந்தக் கை என்ன கேட்கிறது என்று பார்க்க ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை? சேர்க்கும் நாளிலேயே, "எப்படிச் சாப்பிடுவான்?" என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவர்கள் படிப்பு குறைந்துபோயிருக்குமா?

கட்டிய பிறகு அவன் வாயே திறப்பதில்லை என்று காவலாள் சொன்னான். அதனால் தினமும் வாசலில் போய் நின்றேன். நேற்று அந்தப் புதுப்பெண் தகரப்பெட்டியோடு வெளியே வந்தாள்.

"கட்டை அவுத்துட்டேன் தாத்தா. தள்ளுனாரு, தொட்டேன், நீ சொன்னதையே சொன்னேன். மொத்தக் கஞ்சியும் துன்னாரு. எனக்குத்தான் சீட்டு கிழிஞ்சிட்ச்சி."

"அழுவாதம்மா."

"யாரு அழுவுறா? உப்பில்லாத கஞ்சிதான். ஆனா என்னை மதிச்சுக் குடுத்தாரே!"

உன் பிள்ளையைப் புரிந்துகொண்ட ஒரே நர்ஸ் அவள். அவளுக்கு வேலை போயிற்று. அவனுக்கு இன்று மறுபடியும் கட்டு என்கிறான் காவலாள். இது என்ன நியாயம், அக்கா?

வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். சாப்பாட்டு மணி அடிக்கும் போதெல்லாம் அந்த வாசலில் நிற்பேன். வரும் ஒவ்வொரு புது நர்ஸிடமும் முதல் பாடத்தை நானே சொல்லி உள்ளே அனுப்புவேன். எத்தனை பேரை வெளியே அனுப்பிவிடுவார்கள், பார்க்கலாம். அவன் கை அவிழாமல் நான் உன்னிடம் வந்து சேரமாட்டேன்.

உன் தட்டில் தின்று வளர்ந்த
தம்பி