முட்டியில் வைத்த கால்

கொழிஞ்சாம்பாறை,
வியாழக்கிழமை.

அன்பு அம்மிணி அனுப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாகாளியம்மன் துணை. உன் வலது முட்டி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் நல்லா இருக்குதுங்கப்பா என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி மருந்துக்கடை நவீன்குமாரிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். தென்னைக்கு இந்த வருடமும் வெள்ளை ஈ, ஓலையெல்லாம் கரி பூசினமாதிரி கிடக்கிறது. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், தலை சுற்றுகிறது என்கிறாள், ஆனால் என்னைத் திட்டுவதில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. நம் கபடி டீமில் ஜிபி என்று ஒரு பெண், தேங்காய் வண்டி ஓட்டும் பாஸ்கலின் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். ஒன்றரை மாதத்துக்கு முன் ரெய்டு போய்த் திரும்பும்போது ஊன்றிய கால் அப்படியே நிற்க உடம்பு மட்டும் திரும்பியது, டப்பென்ற சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. அன்றைக்கு நான் தவறு செய்யவில்லை. எழுந்து நடக்க விடவில்லை, மீன்காரரிடம் ஐஸ் வாங்கித் துண்டில் சுற்றி வைத்து, காலை உயர்த்திப் பிடித்தபடியே பாலக்காட்டுக்குக் கொண்டுபோனேன். போய்ச் சேர்வதற்குள் முட்டி இளநீர்க்காய்போல வீங்கிவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர், உள்ளே ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, மாசக்கணக்கில் ஓட்டமும் குதியும் கூடாது என்று சொல்லி, தொடைக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது, வீக்கம் வடிந்தால் காலே சரியாகிவிட்டது என்று அவளுக்கு நினைப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட் செலக்ஷன், தேறினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கும்.

திங்கட்கிழமை அப்பனும் மகளும் வந்தார்கள். என்னைக் கேட்காமலே வாசலில் பாயை விரித்து அவள் படுத்துக்கொண்டாள். உனக்குத் தெரியாததா, தலைக்கு முன்னால் கால் வந்து பிறந்தவன் நான், கால் முந்திப் பிறந்தவன் பாதத்தால் நீவினால் சுளுக்கு ஓடிவிடும் என்று முதலமடையிலிருந்துகூட ஆள் வந்து படுக்கும். கோச்சண்ணா, மூணு தடவ நீவி உடுங்க, புள்ள ஞாயித்துக்கெழம எறங்கட்டும் என்றார் பாஸ்கல். மாட்டேன் என்றேன். ஊருக்கெல்லாம் நீவறீங்க, எம்புள்ளைக்குன்னா மட்டும் காலு கூசுதுங்களா என்று கேட்டார். ஜிபி படுத்தபடியே, அனு அக்காளுக்கு நீவித்தானுங்களே ஜெயிச்சீங்க என்றாள்.

பதினொரு வருடமாக ஊர் அதைத்தான் சொல்கிறது. சித்தூர் மைதானத்தில் உன் முட்டி திருகியது, நான் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று தடவை நீவி, துணி கட்டி இறக்கினேன், கப் வாங்கினோம். வலி போயிருச்சுங்கப்பா என்று எல்லார் முன்னாலும் நீ சொன்னாய். அந்த ஆட்டத்துக்குப் பிறகு நீ ஒரு ரெய்டுகூடப் போகவில்லை. மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குகிறாள் என்று மாப்பிள்ளை ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மிணி, இந்தத் திங்கட்கிழமை வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று நீவும்போது உன் முட்டி என் பாதத்துக்கு அடியில் நழுவியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும்தான் இறக்கினேன். இரண்டு பாயிண்டு பின்னால் இருந்தோம், சனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது, உன் காலைவிட என் காலுக்கு இருந்த பெயர் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

பாஸ்கலிடமும் இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, உங்க மக வாயாலயே வலி போச்சுன்னு சொல்லக் கேட்டவனுங்க நானு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நாளை மறுநாள், சனிக்கிழமை, பொள்ளாச்சிப் பக்கம் யாரோ வைத்தியரிடம் முட்டியை இழுத்துவிடக் கூட்டிப்போகிறார்களாம், மறுநாள் இறக்கப் போகிறார்களாம். பொங்கியண்ணன் காலுக்கு ராசி போயிருச்சு என்று கடைத்தெருவில் பேச்சு, பேசிவிட்டுப் போகட்டும். ஜிபி பயிற்சிக்கும் வருவதில்லை. நான் என்ன சொன்னாலும் அன்றைக்கு நீ சொன்ன சொல் குறுக்கே நிற்கிறது, அதை எடுக்க உன்னால்தான் முடியும். அவள் நம்பரையும் நவீன்குமாரிடம் அனுப்பச் சொல்கிறேன். படி இறங்குவதை, தரையில் உட்கார முடியாததை, குளிர் வந்தால் படுகிற பாட்டை, இருப்பதை இருந்தபடி சொல். அப்பாவுக்குக் கெட்ட பெயர் வருமே என்று ஒரு வார்த்தையும் குறைக்காதே.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். பனியில் நடக்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், முட்டிக்கு உறை போட்டுக்கொள். மறந்துவிடாதே, சனிக்கிழமை அவர்கள் பஸ் ஏறுவதற்குள் பேசிவிடு. வலி போகவே இல்லை என்று அவளிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பொங்கியண்ணன்.