ஐம்பது லைன் போர்டு

அக்டோபர் 11, புதன்

மழை நின்றதும் வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. தாராவி ஷெட்டில் இருப்பதே ஒரு மின்விசிறி. அதையும் ஈயப் புகை வெளியே போக ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார்கள். புடவை நனைந்து பிழியலாம் போல.

ஐம்பது லைன் டெலிபோன் போர்டு முடிந்தது! ஹெட்போனைக் காதில் மாட்டி ஐம்பதையும் ஒவ்வொன்றாக நானே கேட்டேன். மணி மாதிரி. பதினோரு வருஷம் மில் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்த காது. இதை ஏமாற்ற முடியாது.

ஏழு வருஷம் முன்னால் என்ன இருந்தது? மாட்டுங்கா வீட்டுச் சமையலறை மேடை. அதில் முதலாளி பியூனைக் கூப்பிட ஒரு பஸ்ஸர் பண்ணினோம். பிறகு இரண்டு அறைக்கு நடுவே பேசும் பெட்டி. அப்புறம் ஆறு லைன், பத்து, இருபது. வாங்கின ஆபீஸ்காரனே மறு வருஷம் வந்து "இன்னும் பெரிசா இருக்கா?" என்பான். "இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துதான் எப்படிச் செய்வது என்று யோசிப்போம். இப்போது ஃபோர்ட் வட்டாரத்தில் ஒரு கப்பல் கம்பெனிக்கு ஐம்பது. திங்கள் காலை டிரையல். பாஸானால் அவர்களுடைய மற்ற இரண்டு ஆபீஸுக்கும் நாம்தான். செம்பூரில் பெரிய ஷெட் கூடப் பார்த்து வைத்துவிட்டேன். தோற்றால் செம்பூரும் கிடையாது, ஒன்றும் கிடையாது, திரும்பப் பஸ்ஸர்தான். தோற்கப் போவதில்லை.

மூளை என் வீட்டுக்காரர் விசுவம். காது நான். கை எங்கள் ஃபோர்மேன் செல்லதுரை. மேல் நாலு வரிசை, நாற்பது லைன், ஒவ்வொரு ஒயரும் செல்லதுரை பற்றவைத்தது. கடைசி வரிசை பத்து மட்டும் விசுவம், ஆசைக்கு.

நாளை ஆயுத பூஜை. வாங்க வேண்டியது: பொரி, கடலை, பூசணிக்காய், சாமந்தி நாலு முழம்.

அக்டோபர் 12, வியாழன்

பூஜை அமர்க்களம். குறடு, ஸ்க்ரூ டிரைவர், பற்றவைக்கும் கோல், எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக. நடுவில் போர்டு.

இவ்வளவு பெரிய போர்டுக்கு ஒற்றைப் பொட்டு எனக்குப் போதவில்லை. பிளக் செருகும் ஒவ்வொரு துளையும் ஒரு வாசல் இல்லையா? மேலிருந்து ஆரம்பித்து வாசலுக்கு வாசல் சந்தனம், அதன் மேல் குங்குமம். நாலு வரிசை முடிந்ததும் கிண்ணம் காலி. கடைசி வரிசைக்கு வெறும் பூ.

விசுவம்: "அலமு, அது போர்டுடீ. கல்யாணப் பொண்ணு இல்லே."

"கல்யாணப் பொண்ணுதான். திங்கக்கிழமை புக்காம் போறா."

செல்லதுரை விழுந்து விழுந்து சிரித்தான். அவன் பெண்டாட்டி சுண்டல் கொண்டுவந்திருந்தாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

விஜயதசமி. பக்கத்துப் பட்டறை மராத்திக்காரர் மந்தார இலையை என் கையில் வைத்து, "சோனா கியா" என்றார். தங்கமாம். வாங்கிக்கொண்டேன். வருகிற தங்கத்தை ஏன் விட வேண்டும்?

ஈரத் துணியால் போர்டை நானே அழுத்தித் துடைத்தேன். மூன்று தரம். ஒரு பொட்டு மிச்சமில்லை, பளபள. டெம்போவில் ஏற்றி அனுப்பினோம். செல்லதுரை பின்னால் உட்கார்ந்து, குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டே போனான்.

அக்டோபர் 16, திங்கள்

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

ராகு காலம் ஒன்பதுக்கு முடிந்தது. டிரையல் பத்துக்கு. கப்பல் கம்பெனியின் தலைமை ஆபரேட்டர் மிஸஸ் பெர்னாண்டஸ் போர்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மானேஜர். பின்னால் நாங்கள் மூவர், அவர்கள் ஆட்கள் பத்துப் பேர்.

முதல் லைன்: கரகர. இரண்டாவது: செத்துவிட்டது. மூன்று, நாலு, ஐந்து, அதே கதி. நாற்பது வரை. கடைசி வரிசை பத்தும் மணி மாதிரி!

மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோருக்கும் புரியட்டும் என்று ஹிந்தியிலேயே சொன்னேன்: மேல் நாலு வரிசையும் ஒரே ஆள் வேலை, ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை, டெம்போ குலுக்கலில் விட்டுவிட்டது.

செல்லதுரை அங்கேயேதான் நின்றான். "புதன்கிழம நீங்கதான மாமி கேட்டுப் பாத்திய? மணி மாரி இருக்குன்னியளே?"

"அன்னிக்கு சரி. இன்னிக்கு? அவர் பத்தவெச்ச பத்தும் பேசறது, நீ பத்தவெச்ச நாப்பதும் பேசலை. வேற என்ன சொல்லச் சொல்றே?"

சாமான் பையைக் கீழே வைத்தான். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

மானேஜர்: வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வாய்ப்பு. கோளாறு என்ன, யாரால் என்று எழுத்தில் வேண்டும். வியாழன் வரை எப்போது வேண்டுமானாலும் வந்து சரி பண்ணிக்கொள்ளலாம்.

அக்டோபர் 17, செவ்வாய்

செல்லதுரை வரவில்லை. ஷெட்டில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். ரோஷத்தைப் பார்!

விசுவம்: "அவன் கை அப்படி விடாதுடீ."

"பின்னே பேய் வந்து புடுங்கித்தா?"

தலைவலி. இரண்டு காபி. வேலை ஓடவில்லை.

அக்டோபர் 18, புதன்

நாற்பதையும் பிரித்துத் திரும்பப் பற்றவைப்பது என்று நானும் விசுவமும் சாமான்களோடு ஃபோர்ட் போனோம்.

மிஸஸ் பெர்னாண்டஸ் ஆச்சரியமாகப் பார்த்தாள். "தும்ஹாரா ஆத்மி கல் ஆயா தா! அப் ஸப் ஏக்தம் க்ளியர்." நேற்று சாயங்காலம் செல்லதுரை வந்தானாம், இப்போது எல்லா லைனும் சுத்தமாம். குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, ஒவ்வொரு துளையாகக் குடைந்தானாம். என்ன கோளாறு என்று இவள் கேட்டதற்கு, "என் தப்பு மேடம்" என்றானாம்.

கேட்டுப் பார்த்தேன். ஐம்பதும் சுத்தம். போர்டின் பின்பக்கம் திறந்து பார்த்தோம். பற்றவைத்த ஈயம் ஒன்றையும் அவன் தொடவே இல்லை. நாற்பதும் பழைய மினுக்கோடு அப்படியே.

அப்போது எது கெட்டது, எது சரியாயிற்று?

குப்பைக் கூடையில் பஞ்சு குவிந்து கிடந்தது. மஞ்சளாக. எடுத்து முகர்ந்தேன்.

சந்தனம்.

நான் வைத்த பொட்டு. அதோடு விட்டேனா? ஈரத் துணியால் மூன்று தரம் அழுத்தித் துடைத்து, கரைத்து உள்ளே அனுப்பியதும் நான். உள்ளே பிளக் தொடுகிற தகட்டில் போய்க் காய்ந்து உட்கார்ந்துவிட்டது. சந்தனம் எட்டாத வரிசை மட்டும் பேசிற்று. விசுவமும் முகர்ந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 19, வியாழன்

விசுவம் காலையிலேயே ஆரம்பித்தார். "தூசின்னு எழுதிடு. சந்தனம்னு எழுதினா ஃபோர்ட் பூரா சிரிக்கும். பஜனை மடம்னு பேர் வெச்சுடுவான். அதான் செல்லதுரையே தன் தப்புன்னு சொல்லிட்டானே."

வாஸ்தவம்தான். அதுதான் உறுத்துகிறது.

தனியாகச் செல்லதுரை வீட்டுக்குப் போனேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. அவன் பெண்டாட்டி டீ கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை.

"உன் தப்புன்னு ஏன் சொன்னே?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுதிய? பிளக்க உருவும்போதே வாசன வந்துட்டு. மாமி வச்ச சந்தனம்னு அங்கன வச்சுச் சொல்லவா? எங் கைன்னா ஒரு ஆளு பேரு. உங்க கைன்னா கம்பெனி பேருல்லா போவும்."

"அப்படின்னா வேலைக்கு ஏன் வரலை?"

"அது வேற, இது வேற. போர்டு கெட்டுக் கெடக்கத எனக்குப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது, போனேன். ஆனா எம் பத்தவப்பு சரியில்லன்னு அத்தன பேரு மத்தியில சொன்னிய. நம்ம பயலுவ காதுக்கும் வந்துட்டு. அந்த ஷெட்டுக்குள்ள எப்படி மாமி வர?"

"தப்புதான், மன்னிச்சுக்கோ" என்றேன். வாயிலிருந்து அது சுலபமாக வரவில்லை.

"இங்க வச்சுச் சொல்லி என்னத்துக்கு?" என்றான்.

அழுகை வந்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

ரிப்போர்ட் நானே இங்கிலீஷில் டைப் அடித்தேன். கையெழுத்தும் நான். விசுவம் படித்துவிட்டு, "அனுப்பத்தான் போறியா?" என்றார். "ஆமாம்" என்றேன். அவர் கோட்டு மாட்டிக்கொண்டார். நல்ல மனுஷன்.

மானேஜர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் படித்தார். "சந்தனமா?"

"ஆமாம் சார். நான் வைத்தது. துடைத்து உள்ளே தள்ளியதும் நான்."

மிஸஸ் பெர்னாண்டஸ்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் மானேஜர், அப்புறம் அறை பூராவும். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். முடிந்ததும் அவரே உட்கார்ந்து ஐம்பது லைனையும் போட்டுக் கேட்டார். ஐம்பதும் மணி.

பாஸ்! மற்ற இரண்டு ஆபீஸும் நமக்குத்தான். கடிதம் திங்களன்று. ஒரே நிபந்தனை: மேல் நாலு வரிசை செய்த ஆள்தான் அவற்றையும் செய்ய வேண்டும்.

டாக்ஸி பிடித்து நேரே தாராவி. ஆள் அனுப்பிச் செல்லதுரையை வரவழைத்தேன். வந்தார். ஷெட்டுக்குள் வரவில்லை, நிலைப்படியோடு நின்றுகொண்டார். எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, ரிப்போர்ட் நகலைப் பிரித்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். சந்தனம், ஈரத் துணி, அலமேலு விசுவநாதன், ஒன்றையும் விடவில்லை. கடைசி வரி: "செல்லதுரை பற்றவைத்த நாற்பது லைனிலும் ஒரு குறையும் இல்லை. அவர்மேல் நான் சொன்னது பொய்ப் பழி."

செல்லதுரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்க வாசிங்க மாமி."

வாசித்தேன்.

"கொஞ்சம் சத்தமா. அந்தக் கடைசில நிக்கவனுக்கும் கேக்கணும்லா."

தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தேன். செல்லதுரை உள்ளே வந்து, பற்றவைக்கும் கோலைச் சூடு பண்ணச் சொன்னார்.